மருந்துக் கடனும் காய்ப்புழுவும்

பருத்தி பயிரிடும் வட்டாரங்களில் சங்க மகாசபை கூடும்போதெல்லாம் ஒரு கோரிக்கை தவறாமல் எழுகின்றது. பயிர்க்கடனில் பூச்சி மருந்துக்கென்று ஏக்கருக்கு ஒதுக்கப்படும் தொகை போதவில்லை, அதை உயர்த்தித் தர வேண்டும் என்பதே அது. கோரிக்கை விடுப்போர் மீது நமக்குக் குறை ஏதுமில்லை. வெடிக்க வேண்டிய காய் பாதி வெடித்தும் வெடிக்காமலும் செடியிலேயே கறுத்து நிற்பதைக் கண்ட விவசாயி, கைக்கு எட்டிய மருந்தை வாங்கித் தெளிக்கத்தான் முற்படுவார். ஆயினும் இக்கோரிக்கையை நாம் ஆதரிப்பதற்கில்லை. மருந்துக் கடனை இரட்டிப்பாக்கினாலும் காய்ப்புழு ஒழியாது, கடன்தான் இரட்டிக்கும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மட்டும் இதை நாம் சொல்லவில்லை. அந்தப் பூச்சியின் வாழ்க்கையை ஒரு முறை ஊன்றிப் பார்த்தவர் எவரும் இம்முடிவுக்கே வருவர். ஆகவே முதலில் அதை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பருத்தியைத் தின்னும் புழுக்கள் பல உள்ளன. பச்சைக் காய்ப்புழு, புள்ளிக் காய்ப்புழு, புரோடீனியாப் புழு என்று அவற்றை நம் விவசாயிகள் நன்கு அறிவர். இவற்றுள் இன்று பருத்திக்குப் பெரும் பகையாக இருப்பது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இதன் தாய் ஒரு சிறிய அந்துப்பூச்சி. ஒரு சென்டிமீட்டர் நீளங்கூட இராது. சாம்பல் கலந்த பழுப்பு நிறம். பகலில் மண் வெடிப்புகளிலும் சருகுகளுக்கு இடையிலும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் எழுந்து பறக்கும். ஆதலால் பருத்திக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் இதை நேரில் கண்டவர் சிலரே.

பெண் பூச்சி பூ மொக்குகளிலும் இளங்காய்களின் புல்லி இதழ்களுக்கு அடியிலும் முட்டையிடும். நான்கைந்து நாட்களில் முட்டை பொரிந்து, மயிரிழை போன்ற வெண்புழு வெளிவரும். வந்த புழு வெளியே நின்று இலையைத் தின்பதில்லை. சிறிது நேரத்திற்குள் காயைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். புகுந்த துளையும் காய் வளர வளர மூடிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காய் பழுதற்றதாகவே தோன்றும். உள்ளேயோ புழு பஞ்சின் வழியே சென்று, விதை விதையாகக் குடைந்து தின்று, இரண்டு வாரத்தில் முதிர்ந்து இளஞ்சிவப்பு நிறம் பெறுகிறது. பின்பு காயில் வட்டமாக ஒரு துளை செய்து வெளியேறி மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. அடுத்த ஏழெட்டு நாட்களில் மீண்டும் அந்துப்பூச்சி. ஒரே பருத்திப் பருவத்தில் இவ்வாறு நான்கைந்து தலைமுறைகள் தோன்றிவிடக்கூடும்.

இதிலே மருந்துக்கு இடம் எங்கே இருக்கிறது? முட்டை புல்லி இதழின் மறைவில் இருக்கிறது. புழு காய்க்குள் இருக்கிறது. கூட்டுப்புழு மண்ணில் இருக்கிறது. அந்துப்பூச்சி, நாம் தெளிக்கும் பகற்பொழுதில் ஒளிந்திருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்து காய்க்குள் நுழையும் அந்தச் சில மணி நேரமே புழு மருந்துக்கு அகப்படும் காலம். அதற்கும் நாளொன்றுக்கு ஒரு தெளிப்பு வேண்டியிருக்கும். ஏனெனில் எல்லா முட்டைகளும் ஒரே நாளில் பொரிவதில்லை. தெளித்த மருந்து புழுவைத் தொடாது போனாலும் அதன் பகைவர்களைத் தொடுகின்றது. முட்டையினுள் தன் முட்டையை இட்டு அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்னும் நுண்குளவி, பொறிவண்டு, சிலந்தி யாவும் மடிகின்றன. பிறகு வெள்ளை ஈயும் பெருகினால், அதற்கு வேறொரு மருந்து, வேறொரு பற்றுச்சீட்டு.

பருவத்தின் இறுதியில் இப்பூச்சி செய்யும் தந்திரம் இன்னும் பெரிது. பொழுது குறுகிக் குளிர் தொடங்கும் காலத்தில் முதிரும் புழுக்களில் ஒரு பகுதி கூட்டுப்புழுவாக மாறுவதில்லை. குடைந்த இரண்டு கொட்டைகளைத் தன் வாயிழையால் ஒன்றோடொன்று ஒட்டி, அதனுள்ளே சுருண்டு உறங்கத் தொடங்குகிறது. அரவை ஆலைகளில் வேலை செய்வோர் இவ்விரட்டைக் கொட்டைகளைக் கண்டிருப்பர். உணவும் நீருமின்றிப் பல மாதங்கள் அப்படியே கிடந்து, மறு பருவம் செடி மொக்கு விடும் சமயம் பார்த்து அந்துப்பூச்சியாகி எழுகிறது. கொட்டையில் மட்டுமா? பிடுங்காமல் விட்ட செடியின் காய்ந்த காயிலும், வரப்போரம் அடுக்கிய பருத்திமாரிலும், மண்ணிலும் அது உறங்குகிறது.

நெசவாள அன்பர்கள் இது விவசாயியின் துயரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புழு தின்ற காயின் பஞ்சு மஞ்சள் கறை படிந்து, இழை குட்டையாகி, வலுவிழந்து போகிறது. அரவைக்கு வரும்போது அது நல்ல பஞ்சோடு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பார் இல்லை. நூற்பாலையில் அதன் கேடு சிறிது தெரியும். தறியிலேதான் முழுதும் தெரியும். பாவில் இழை அடிக்கடி அறுவதும், சாயம் ஒரு சீராகப் பிடிக்காததும் நூலின் குற்றம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். அந்த நூலின் குற்றம் பலமுறை காயிலேயே தொடங்கியிருக்கிறது.

இப்பூச்சியைப் பற்றிய முதல் விஞ்ஞானக் குறிப்பு நம் நாட்டிலிருந்தே சென்றது. 1842-இல் குஜராத்தின் பரூச் பகுதியில் பருத்தியை அழித்த புழுவின் மாதிரிகளைக் கொண்டு, சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1843-இல் அதற்குப் பெயரிட்டார். பின்னர் ஆயிரக்கணக்கான மைல் பறக்க வேண்டிய பயணத்தைப் பூச்சி தன் சிறகால் செய்யவில்லை. மனிதனின் வணிகத்தால் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதைக் கொட்டைக்குள் உறங்கியபடியே எகிப்துக்குச் சென்றது. எகிப்திலிருந்து 1911-ஐ ஒட்டி மெக்சிகோவுக்கும், அங்கிருந்து 1917-இல் அமெரிக்காவின் டெக்சாஸுக்கும் போய்ச் சேர்ந்தது. எகிப்தியப் பருத்தியின் உயர்வை நாடி விதை வாங்கிய மெக்சிகோ, அதனோடு நமது பூச்சியையும் வாங்கிக்கொண்டது.

அமெரிக்கா சென்ற பூச்சியின் கதையையும் இந்தியாவில் தங்கிய பூச்சியின் கதையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்குப் பெரிதும் பயன்படும். ஏனெனில் இரு நாடுகளும் ஒரே ஆயுதத்தைக் கையாண்டன, முடிவோ வெவ்வேறாயிற்று.

அந்த ஆயுதம் பி.டி. பருத்தி. மண்ணிலுள்ள ஒரு நுண்ணுயிரியின் நச்சுப் புரதத்தைச் செடியே தன்னுள் உண்டாக்கிக்கொள்ளும்படி மாற்றப்பட்ட விதை இது. காய்க்குள் ஒளியும் புழுவைக் காயே கொல்லும் என்றால் அதைவிடப் பொருத்தமான மருந்து வேறு ஏது? அமெரிக்காவில் 1996 முதலும், இந்தியாவில் 2002 முதலும் இவ்விதை விதைக்கப்பட்டது. இரண்டு நச்சுப் புரதங்களைக் கொண்ட விதை இங்கே 2006-இல் வந்தது. முதற் சில ஆண்டுகளில் புழுவைக் காண்பதே அரிதாயிற்று. விவசாயிகள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் விதையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. அந்நாளில் 450 கிராம் பி.டி. விதை கொண்ட பையுடன் 120 கிராம் சாதாரண விதையும் தனியே வைத்துக் கொடுக்கப்பட்டதை அங்கத்தினர்கள் நினைவுகூரலாம். வயலைச் சுற்றி அந்தச் சாதாரண விதையை விதைக்க வேண்டும் என்பது விதி. அது எதற்காக என்று விளங்கச் சொன்னவர்கள் குறைவு. கோடிக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டு பிறவியிலேயே அந்நச்சைத் தாங்கும் திறன் உடையவை. பி.டி. செடியைத் தின்றும் அவை பிழைக்கும். பிழைத்த இரண்டும் ஒன்றோடொன்று கூடினால் அவற்றின் மக்கள் யாவும் நச்சைத் தாங்கும். அருகே சாதாரணப் பருத்தியில் வளர்ந்த ஆயிரக்கணக்கான பூச்சிகள் இருக்குமாயின், பிழைத்த ஒன்று அவற்றுள் ஒன்றோடுதான் கூட நேரும். அந்தக் கலப்பின் மக்கள் பெரும்பாலும் பி.டி. செடியில் மடிந்துபோகும். அதாவது, நூறு செடிகளுக்காகச் சில செடிகளைப் புழுவுக்கென்று விட்டுவைக்க வேண்டும். விஞ்ஞானிகள் இதைப் புகலிடம் என்கிறார்கள்.

புகலிடம் விடுபவன் நட்டமடைகிறான். விடாதவன் அவனுடைய புகலிடத்தின் பயனை இலவசமாகப் பெறுகிறான். இப்படிப்பட்ட காரியத்தைத் தனித்தனி மனிதரின் விருப்பத்திற்கு விட்டால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. பெரும்பாலான 120 கிராம் பைகள் விதைக்கப்படவில்லை. 2008-இல் குஜராத்தின் அம்ரேலிப் பகுதியில் எடுத்த மாதிரிகளில் முதல் நச்சை வென்ற புழுக்கள் காணப்பட்டன. 2010-இல் அது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. 2014, 2015-க்குள் இரட்டை நச்சையும் அவை வென்றன. ஆறு மாதத்திற்கு மேலும் காட்டில் நிற்கும் நீண்டகால ஒட்டு ரகங்கள் அவற்றிற்கு மேலும் இரண்டு தலைமுறைக்கு விருந்து வைத்தன. 2017-இல் மகாராஷ்டிரத்தில் காய்ப்புழு பெரும் சேதம் விளைவித்தது. அதே ஆண்டு அம்மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து தெளிக்கையில் நஞ்சேறி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் கூலிக்குத் தெளிக்கச் சென்ற ஏழைகள். மருந்துக் கடனை உயர்த்தும் தீர்மானத்தில் கையெழுத்திடுமுன் இதனை ஒரு கணம் எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது வேறு. அங்கே விவசாயிகள் பத்தாண்டுக் காலம் புகலிட விதியைப் பெரும்பாலும் கைக்கொண்டார்கள். புழு நச்சை வெல்லவில்லை. பிறகு விவசாயிகளே கூடி வாக்களித்து, செலவில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்று, 2006-இல் ஒழிப்புப் பணியைத் தொடங்கினார்கள். வளர்ப்புக் கூடத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைக் கோடிக்கணக்கில் வளர்த்து, கதிர்வீச்சினால் மலடாக்கி, அந்துப்பூச்சிகளை ஆகாய விமானத்திலிருந்து பருத்திக் காடுகளின் மேல் தூவினார்கள். சில ஆண்டுகளில் தூவியவை 1,100 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காட்டுப் பூச்சி மலட்டுப் பூச்சியோடு கூடினால் அதன் வம்சம் அங்கேயே அற்றுப்போகும். வளர்ப்புப் பூச்சியை அடையாளங்காண அதன் தீவனத்தில் சிவப்புச் சாயம் கலந்தார்கள். பொறியில் விழுந்த பூச்சியை நசுக்கிப் பார்த்தால் சொந்தப் பிள்ளையா வந்த பிள்ளையா என்பது தெரிந்துவிடும். 2018 அக்டோபரில், அமெரிக்கப் பருத்தி நிலங்களில் இப்பூச்சி அறவே ஒழிந்தது என அந்நாட்டு விவசாயத் துறை அறிவித்தது. வந்து நூறு ஆண்டு ஆன விருந்தாளி வெளியேற்றப்பட்டான்.

விமானமும் வளர்ப்புக் கூடமும் நமக்கு ஏது என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சீனாவின் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் நம்மைப் போன்ற சிறு நிலக்காரர்களே பருத்தி பயிரிடுகின்றனர். அவர்களிடம் விமானமும் இல்லை, புகலிட விதியும் இல்லை. ஒட்டு விதையை விலைக்கு வாங்காமல் அதன் இரண்டாம் தலைமுறை விதையை அங்கே பரவலாக விதைத்தார்கள். அந்த விதையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நச்சில்லாச் செடியாக முளைத்தது. விதைச் செலவு குறையும் என்று செய்தது தானாகவே புகலிடமாகி, தலைகாட்டத் தொடங்கிய எதிர்ப்புத் திறன் பின்வாங்கியது என்று 2017-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அரிசோனாவில் திட்டமிட்டும் சீனத்தில் திட்டமின்றியும் ஒன்றே நிகழ்ந்தது. ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே முறை நடந்தது. விமானமல்ல, இதுவே நாம் அங்கிருந்து கொள்ள வேண்டியது.

ஒரு வட்டாரம் முழுவதும் என்று நாம் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பட்டு நெசவாளர்களுக்கு உறவான ஒரு பூச்சியிலிருந்து தொடங்கலாம். பட்டு அந்துப்பூச்சியின் பெண், ஆணை அழைக்க ஒரு மணத்தை வெளியிடுகிறது. புத்தெனாண்ட் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் முயன்று, 5 லட்சம் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து அம்மணத்தைப் பிரித்தெடுத்து, 1959-இல் அதன் அமைப்பை வெளியிட்டார். பூச்சியின் இனக்கவர்ச்சி மணம் இன்னதென்று உலகம் அறிந்தது அப்போதுதான். 1973-இல் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் மணமும் அறியப்பட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் உள்ள சிறு ரப்பர்க் குப்பியில் ஊறியிருப்பது அந்த மணமே. பெண்ணைத் தேடி வரும் ஆண் பூச்சி பொறியில் விழுகிறது. பொறிக்கு இரவொன்றுக்கு 8 பூச்சி வீதம் தொடர்ந்து 3 இரவுகள் விழுந்தால் மட்டுமே மருந்து தெளிப்பது தகும் என்று பருத்தி ஆராய்ச்சியாளர் வரம்பு வகுத்துள்ளனர். அடுத்த காட்டுக்காரர் தெளித்தார் என்பதற்காகத் தெளிக்கும் வழக்கத்திற்கு இந்த எட்டு என்னும் எண் நல்ல கடிவாளம்.

மணத்திற்கு வேறொரு பயனும் உண்டு. அதை ஊட்டிய சிறு கயிறுகளைச் செடிக்குச் செடி இடைவெளி விட்டுக் கட்டினால், காடெங்கும் அம்மணம் நிறைந்து, ஆண் பூச்சி உண்மையான பெண் எங்கே இருக்கிறதென்று அறியாமல் அலைந்து சாகும். கூடாத பெண் இடும் முட்டை பொரியாது. அரிசோனாவின் பார்க்கர் பள்ளத்தாக்கில் 1990 முதல் 1993 வரை, பள்ளத்தாக்கு முழுவதுமாகச் சுமார் 25,000 ஏக்கரில் இம்முறையைக் கையாண்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு புழுப்பட்ட காய் குறைந்து, நான்காம் ஆண்டில் சோதித்த ஆயிரக்கணக்கான காய்களில் ஒரு புழுகூட அகப்படவில்லை. இந்தியாவிலும் இத்தகைய கயிறு சில ஆண்டுகளாக விற்பனைக்கு வந்துள்ளது.

அதை வாங்கி ஒருவர் தமது இரண்டு ஏக்கரில் மட்டும் கட்டினால் என்ன ஆகும்? அவருடைய காட்டில் ஆண் பூச்சி மயங்கும், உண்மைதான். அடுத்த காட்டில் கூடி முடித்த பெண் வரப்பைத் தாண்டி வந்து அவருடைய காயில் முட்டையிடும். செலவு அவருடையது, புழு அயலாருடையது. "கட்டிப் பார்த்தோம், பயனில்லை" என்று அவர் சொல்வார், சொல்வதும் உண்மையே. கயிற்றில் குறையில்லை; பரப்பில்தான் குறை. இரண்டு ஏக்கர் என்பது கடன் கொடுக்கப் போதுமான அளவாக இருக்கலாம். அந்துப்பூச்சியோடு போராட அது போதாது. நிலக்கடலை விளையும் ஊர்களில் சிவப்புக் கம்பளிப்பூச்சிக்கு நம் முன்னோர் என்ன செய்தனர்? கோடை மழை பெய்து மண் நனைந்ததும் அந்துப்பூச்சிகள் எழும் இரவில், ஊர் முழுவதும் காட்டுக்குக் காடு தீ மூட்டினார்கள். ஒருவர் மட்டும் மூட்டினால் ஊர்ப் பூச்சியெல்லாம் அவர் காட்டுக்கு வந்து சேரும் என்பதை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

பருத்திக்கு ஊர் கூடிச் செய்ய வேண்டிய முதற்காரியம் பொறியும் கயிறும் அல்ல, பருவத்தை முடிப்பது. இப்புழுவுக்குப் பருத்தியே முதன்மையான உணவு. வெண்டையிலும் துத்தியிலும் ஓரளவு பிழைக்குமாயினும் பருத்தி இல்லாத காலம் ஒன்று இருந்தால் அதன் பெருக்கம் தடைப்படும். தமிழ்நாட்டில் ஆகஸ்டு, செப்டம்பரில் ஒரு விதைப்பும், நெல் அறுத்த தாளடி நிலத்தில் பிப்ரவரியை ஒட்டி மற்றொரு விதைப்பும் நடைபெறுகின்றன. மாநிலத்தை ஒரே பார்வையில் பார்த்தால் பருத்தி இல்லாத மாதமே இல்லை. ஆகவே ஒரே நாளை மாநிலம் முழுவதற்கும் குறிக்க இயலாது. வட்டாரத்திற்கு ஒரு நாள் குறிக்க இயலும். குறித்த நாளுக்குள் கடைசி எடுப்பை முடித்து, செடியை வேரோடு பிடுங்கி, மிஞ்சிய காயையும் மாரையும் அழித்துவிட வேண்டும்.

இது புதிய யோசனை அன்று. 1919-லேயே சென்னை மாகாணத்தில் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. இத்தகைய சட்டம் இந்நாட்டில் முதலில் செய்த மாகாணம் நம்முடையதே. அதன்கீழ்ப் பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்க வேண்டுமென்ற ஆணைகளும் பிறந்தன. சட்டம் அபராதம் விதிக்கும். பிடுங்கும் கூலியை யார் கொடுப்பது என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பது சங்கத்தின் வேலை என்று நாம் கருதுகிறோம்.

கேட்டுப் பார்த்தால் எதிர்ப்படும் தடைகள் இரண்டு. முதலாவது, கடைசி எடுப்பு. நன்கு வெடித்த பருத்தி போன பிறகும் சில வாரம் செடியை விட்டுவைத்தால் கொட்டுப் பருத்தியாவது கொஞ்சம் தேறும். திருச்செங்கோடு, கொங்கணாபுரம் ஏலங்களில் கொட்டுப் பருத்திக்கு என்ன விலை விழுகிறது என்பதை அங்கத்தினர்கள் அறிவர். எடுப்புக் கூலி போக அதில் மிஞ்சுவது சொற்பம். ஆயினும் அந்தச் சொற்பமும் வேண்டாமென்று சொல்லும் உரிமை, அதற்கு ஈடு ஏதும் தராத நமக்கு இல்லை. அடுத்த பருவத்துப் பயிர்க்கடனில் மருந்துக்கென்று கேட்கும் உயர்வை, குறித்த நாளுக்குள் செடி பிடுங்கியவருக்குப் பிடுங்கு கூலியாகக் கொடுத்தால் என்ன? அதே பணம், நஞ்சாகப் போகாமல் கூலியாக ஊருக்குள்ளேயே நிற்கும்.

இரண்டாவது தடை அடுப்பு. பருத்திமார் நல்ல விறகு. எரிவாயு உருளை வீட்டுக்கு வீடு வந்த பின்னும், வெந்நீருக்கும் மாட்டுத் தீவனம் வேக வைக்கவும் மாரைச் சேர்த்து வைக்கும் வீடுகள் ஏராளம். வீட்டுப் புறக்கடையிலோ காட்டோரத்திலோ ஆள் உயரத்துக்கு அடுக்கிய மார், உறங்கும் புழுவுக்கு மாளிகை. "விறகைக் கொளுத்திவிடுங்கள்" என்று குடும்பப் பெண்களிடம் போய் எந்த அதிகாரியும் சொல்லிப் பயனில்லை. நாமும் சொல்லப் போவதில்லை. காய்களை உருவி எடுத்துவிட்டு மாரை மட்டும் வைத்துக்கொள்வதில் பெரும் தீங்கில்லை. காய்களை உருவுவதற்கு எளிய வழி ஆடு. கடைசி எடுப்பு முடிந்ததும் கிடை போட்டால் வெள்ளாடும் செம்மறியும் மிஞ்சிய காயையும் பிஞ்சையும் இலையையும் தின்று தீர்த்துவிடும். நிலத்துக்கு எருவும் சேரும். அண்மையில் மருந்து தெளித்த காட்டில் மட்டும் ஆட்டை விடலாகாது. மாரைத் துண்டு துண்டாக வெட்டும் இயந்திரம் ஒன்றைச் சங்கம் வாங்கி வாடகைக்கு விட்டால், வெட்டிய தூளை மக்கவைத்து மண்ணுக்கே திருப்பலாம்.

பொறிகளை அங்கத்தினர் தனித்தனியே வாங்குவதைவிட, சங்கம் பொது நல நிதியிலிருந்து மொத்தமாக வாங்கி ஊர் எல்லை முழுவதும் வைப்பதே முறை. எக்டேருக்கு 5 பொறி கண்காணிப்புக்குப் போதும். விழுந்த பூச்சிகளை எண்ணி எழுதப் படித்த இளைஞர் ஒருவரை அமர்த்தி, சங்க வாயிலில் உள்ள கரும்பலகையில் நாள்தோறும் எண்ணை எழுத வேண்டும். கடன் பாக்கி வைத்தவர் பெயரை எழுதுவதற்கென்றே பயன்பட்டு வரும் பலகைக்கு இது சற்று மதிப்பான வேலையாக இருக்கும். கயிறு கட்டும் முறையைத் தொடங்க விரும்பும் சங்கம், தொடர்ச்சியாக அமைந்த சில நூறு ஏக்கரேனும் ஒப்பாத வரையில் தொடங்காதிருப்பதே நல்லது. அரைகுறையாகச் செய்து, பயனில்லை என்ற பெயரை வாங்கிவிட்டால் பிறகு பத்தாண்டுக்கு எவரும் அதன் பேச்சை எடுக்கமாட்டார்கள்.

கடன் அளவை நிர்ணயிக்கும் மாவட்டக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானத்தையும் இதற்கேற்ப மாற்றி எழுதலாம். மருந்து என்ற ஒரே தலைப்பின் கீழ்த் தொகையை உயர்த்தக் கோராமல், பொறி, மணக்கயிறு, முட்டை ஒட்டுண்ணி அட்டை, செடி பிடுங்கும் கூலி ஆகியவற்றையும் பொருட்பகுதியில் சேர்க்கக் கோர வேண்டும். விதை வாங்கித் தரும் சங்கங்கள் 150 நாட்களுக்குள் முடியும் குறுகியகால ரகங்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். அரவை ஆலையைச் சங்கமே நடத்துமாயின், இரட்டைக் கொட்டையைச் சலித்துப் பிரித்து அழிப்பதும், ஆலைச் சுற்றுப்புறத்தில் பொறி வைப்பதும் அதன் அன்றாட வேலையாக வேண்டும். கூட்டுறவு நூற்பாலைகள் கறையற்ற பருத்திக்கு ஓரளவு விலை வேறுபாடு காட்டினால், நெசவாளர் இந்தப் போரில் தம் பங்கைச் செலுத்தியவராவர்.

கடனை நிறுத்துவோம் என்று அச்சுறுத்தி இதைச் செய்விக்கலாம் என்று சில காரியதரிசிகள் கருதுகின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. செடி பிடுங்காத காடுகளில் பல குத்தகைக் காடுகள். குத்தகை முடிந்து வெளியேறியவர் கூலி கொடுத்துச் செடியைப் பிடுங்கமாட்டார். நிலச் சொந்தக்காரர் வெளியூரில் இருப்பார். கடன் நிறுத்தப்படுவதோ அடுத்து வரும் குத்தகைதாரருக்கு. இத்தகைய காடுகளை என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. கிடைக்காரருக்குச் சங்கமே கூலி கொடுத்து அக்காடுகளில் ஆட்டை அடைக்கச் செய்யலாமா, ஊராட்சி மன்றம் அச்செலவில் பங்கேற்குமா என்பவற்றை நிர்வாகக் குழுக்கள் ஆராய வேண்டும். தாளடிப் பருத்தி விதைக்கும் திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரச் சங்கங்கள் விதைப்புக்கு முன் தை மாதத்திலேயே மகாசபையைக் கூட்டி, பிடுங்கும் நாளையும் குத்தகைக் காடுகளின் பட்டியலையும் தயாரித்துக்கொள்ள வேண்டுகிறோம். விதைத்த பிறகு நாள் குறிக்கப் புகுந்தால், எடுப்புக்கு இரண்டு வாரம் கூடுதல் வேண்டும் என்ற வாதத்திலேயே கூட்டம் கலைந்துபோகும்.